காணாமற் போன மீன்

கண்ணாடித் தொட்டியில் கடல் ஜலம் நிரப்பி மீன் வளர்க்கும் ஆசை மிகவும் புதியதென்று சிலர் எண்ணக்கூடும். அது சரியல்ல. 1853-ம் வருஷத்திலேயே லண்டன் மிருகக்காட்சி சாலையில் பொது ஜனங்களுக்கென்று மீன் காட்சி நிலையம் திறந்துவிட்டார்கள். மறு வருஷமே பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கை ஆராய்ச்சியாளர் இவ்விஷயமாக ஒரு புத்தகம் வெளியிட்டார். அதன் பிறகு எத்தனையோ ஆங்கிலேயக் குடும்பங்களை இந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. இன்று நம் ஊர் வீடுகளிலும் இத்தகைய தொட்டிகளைக் காண்கிறோம்.

தொட்டி வைத்திருப்பவர்களுக்கு என்றாவது ஒரு நாள் ஒரு சங்கடம் வந்து சேரும். நேற்று ஐந்து மீன்கள் இருந்தன. இன்று எண்ணினால் நான்கு! பழி முதலில் வீட்டுப் பூனையின் மேல் விழுகிறது. பிறகு வீட்டு எஜமானர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தொட்டியிலுள்ள பாறைகளையெல்லாம் பெயர்த்தெடுக்கத் தொடங்குகிறார். இதுதான் செய்யக்கூடாத காரியம். பாறையைக் கிளறினால் அடியில் தங்கிய கசடு கலங்கும். மிஞ்சிய மீன்கள் மிரளும். ஒளிந்திருக்கும் மீன் கல்லுக்கடியில் நசுங்கினாலும் நசுங்கும்.

காணாமற் போன மீனெல்லாம் மாண்டுபோனதாக அர்த்தமில்லை. ராஸ் இனத்து மீன்களில் பல, இரவில் மணலுக்குள் புதைந்து உறங்குகின்றன. புது இடத்துக்கு வந்த மீன் பாறை இடுக்கில் புகுந்துகொண்டு, சில நாள், சில சமயம் சில வாரங்கூட, தலைகாட்டாமல் இருப்பதுண்டு. ஆகையால் வழக்கமான வேளையில் இரை போட்டுப் பொறுமையாகக் கவனிக்க வேண்டும். இரவில் விளக்கணைந்த பின், கைவிளக்கில் சிவப்புக் காகிதம் சுற்றிப் பார்த்தால் ஒளிந்திருப்பவர் பலர் அகப்படுவார்கள்.

அடுத்தபடி, தொட்டிக்கு வெளியே தேட வேண்டும். மற்றொரு மீன் துரத்தினாலும், விளக்கு திடீரென்று அணைந்தாலும், சில ஜாதி மீன்கள் துள்ளி வெளியே விழுந்துவிடும். மேஜைக்கடியிலும் சுவரோரத்திலும் பாருங்கள். எறும்புச் சாரி வழிகாட்டினாலும் காட்டும். செவுள் அசைந்துகொண்டிருந்தால் உடனே தொட்டியில் விடுங்கள். சில சமயம் பிழைத்துக்கொள்ளும். நிரம்பி வழியும் ஜலம் போய்ச் சேரும் கீழ்த்தொட்டியையும், வடிகட்டியையும் மறக்கக்கூடாது. அங்கே சௌக்கியமாக நீந்திக்கொண்டிருந்த மீன்கள் உண்டு.

எங்கும் அகப்படவில்லையென்றால் ஜலத்தைச் சோதிப்பது அவசியம். இறந்த மீன் அழுகும்போது அம்மோனியா உண்டாகிறது. கடல் ஜலம் சற்றே காரத்தன்மை உடையதாகையால், அதில் இந்த நஞ்சு அதிகக் கொடுமை செய்யும். சோதனையில் அம்மோனியா தெரிந்தால், அதே உப்பும் அதே சூடும் உள்ள புது ஜலத்தால் ஒரு பங்கை மாற்றிவிட வேண்டும். தாமதித்தால் ஒரு மீனின் மரணம் மற்றவற்றுக்கும் யமனாகும். அம்மோனியா தெரியவில்லை என்பதனால் மீன் உயிரோடிருக்கிறது என்றும் நிச்சயிக்க முடியாது. காலிச் சங்கில் குடியிருக்கும் நண்டுகளும், நத்தைகளும், முட்புழுக்களும் சிறு மீனின் உடலை ஓரிரவிலேயே தின்று தீர்த்துவிடும்.

இவைகளைக் கொலைகாரரென்று நினைப்பது பெரும்பாலும் அநியாயம். இவை தோட்டி வேலை செய்பவை. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக மீன்கள் மறைந்து, இரவில் பாறைக்குள்ளிருந்து 'டக், டக்' என்று சப்தமும் கேட்டால், பாறையோடு வந்து சேர்ந்த மாண்டிஸ் இறாலைச் சந்தேகிக்கலாம். பொறி வைத்து அதைப் பிடிக்க வேண்டுமேயன்றி, தொட்டியில் விஷ மருந்து ஊற்றக்கூடாது.

வருமுன் காப்பதற்கு வழி எளிது. தொட்டியின் மேல் நெருக்கமான வலை மூடி போடுங்கள். பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பதுபோல், இரை போடும்போது தினந்தோறும் மீன்களை எண்ணுங்கள். கடல் மீன்களில் பெரும்பாலானவை பவழப் பாறைகளிலிருந்து பிடித்து வரப்பட்டவை. தங்கள் இஷ்டத்தினால் அவை நம் கூடத்துக்கு வரவில்லை. அவற்றுக்கு அந்தச் சிரத்தையாவது நாம் காட்ட வேண்டாமா?

கடைசியாக ஒரு வார்த்தை. மீன் திரும்பாவிட்டால், "அது கடலுக்குப் போய்விட்டது" என்று குழந்தைகளிடம் கதை சொல்ல வேண்டாம். உண்மையைச் சொல்லி, மறுநாள் எண்ணும் வேலையை அவர்களிடமே ஒப்படையுங்கள்.