சுற்றிலும் கடல், குழாயில் உப்பு

காசிக்குப் போய் வந்தவர்கள் ராமேசுவரம் போகாவிட்டால் யாத்திரை பூர்த்தியாகாது என்பது நம்மவர்களின் நெடுநாளைய நம்பிக்கை. மைசூர் அக்ரஹாரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் இந்த வழக்கத்தை விட்டுவிடவில்லை. மாலையில் தூத்துக்குடி எக்ஸ்பிரசில் ஏறினால் மறுநாள் காலை மதுரை. அங்கிருந்து ரயிலிலோ பஸ்ஸிலோ தீவை அடைந்து விடலாம். போய் வந்தவர்கள் கோயிலைப் பற்றிக் குறை சொல்வதில்லை. மூன்றாம் பிராகாரத்தின் 1,212 தூண்களையும், கோயிலுக்குள் உள்ள 22 தீர்த்தங்களையும் வாய் ஓயாமல் புகழ்வார்கள். தங்கிய லாட்ஜைப் பற்றிப் பேச்செடுத்தால்தான் முகம் மாறுகிறது.

குறைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. முன்பதிவு செய்யும்போது செல்போனில் பார்த்த படத்தில், ஜன்னலுக்கு வெளியே நீலக்கடல் விரிந்திருக்கும். நேரில் போய் ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவரும், அதன் மேல் தண்ணீர்த் தொட்டியும்தான் தென்படும். குளியலறைக் குழாயைத் திறந்தால் உப்புநீர். சோப்பு நுரைக்காது, தலைமுடி பிசுபிசுக்கும். சாக்கடை வாடை மாடி வரை ஏறி வரும். தை அமாவாசை, ஆடி அமாவாசை நெருங்கினால் வாடகையும் மாடியேறி விடும்.

இதற்கெல்லாம் லாட்ஜ்காரரின் பேராசைதான் காரணம் என்று சொல்லி முடித்துவிடலாம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் குழாயில் வரும் உப்பு, ஒரு லாட்ஜின் குறை அல்ல. அது தீவின் குறை.

சத்திரங்களின் காலம்

ராமேசுவரத்துக்கு யாத்ரிகர்கள் படகில் போய்க்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. 1914-ஆம் ஆண்டு பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. சேதுபதி மன்னர்கள் வழி நெடுகிலும் சத்திரங்கள் கட்டி வைத்தார்கள். நகரத்தாரும் பிற சமூகத்தாரும் ராமேசுவரத்திலேயே சத்திரங்கள் அமைத்தார்கள். வந்தவர் ஒரு திண்ணையில் படுத்தார். கடலிலும் கிணற்றிலும் நீராடினார். சுவாமி தரிசனம் முடிந்ததும் ஊர் திரும்பினார். அவரால் தீவுக்குப் பெரிய பாரம் எதுவும் ஏற்படவில்லை.

1988-இல் கடல்மீது சாலைப் பாலம் திறக்கப்பட்டது. கார்களும் சுற்றுலா பஸ்களும் நேராகக் கோயில் வாசலுக்கு வரத் தொடங்கின. 2017-இல் அப்துல் கலாம் நினைவிடம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை சாலையும் அதே ஆண்டில் திறக்கப்பட்டது. 2022 டிசம்பரில் பழைய ரயில் பாலம் பழுதடைந்து ரயில்கள் நின்றபோதும் கூட்டம் குறையவில்லை. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதிய பாலம் திறக்கப்பட்டு, ரயில்கள் மீண்டும் தீவுக்குள் வருகின்றன. பக்தர்களோடு உல்லாசப் பயணிகளும் சேர்ந்துகொண்டார்கள். திண்ணை போதாது, அறை வேண்டும். அறை போதாது, குளிர்சாதனமும் ஷவரும் வேண்டும் என்று ஆயிற்று. மாடிக்கு மேல் மாடி எழும்பியது.

மணலுக்குள் மிதக்கும் நீர்

பாம்பனிலிருந்து தனுஷ்கோடி முனை வரை சுமார் 30 கிலோமீட்டர் நீளும் இந்தத் தீவு, பெரும்பாலும் மணலாலும் பழைய பவளப் பாறையாலும் ஆனது. இங்கே வற்றாத ஆறு கிடையாது. மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் எண்ணெய் மிதப்பதுபோல் மிதந்து நிற்கிறது. நன்னீர் உப்புநீரைவிட இலேசானது என்பதே இதற்குக் காரணம். கடலுக்கு இவ்வளவு பக்கத்திலுள்ள கோயில் கிணறுகளில் குளிக்கத் தக்க நீர் ஊறுவதன் ரகசியமும் இதுதான். 1964 டிசம்பர் புயலில் அழிந்துபோன தனுஷ்கோடியில் இன்றும் வாழும் மீனவக் குடும்பங்கள், இருபுறமும் கடல் இரைந்துகொண்டிருக்க, மணலைச் சில அடி தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பதைப் பார்க்கலாம்.

இந்த நீருக்கு ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் நிபுணர்களின் விதி. இதை மறுபக்கமாகவும் பார்க்க வேண்டும். மோட்டார் வைத்து உறிஞ்சி மேல்மட்டத்தை 1 அடி இறக்கினால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்பு 40 அடி மேலே ஏறிவிடும். ஒருமுறை உப்பேறிய கிணறு சுலபத்தில் தெளியாது. அதோடு, மணல் பூமியில் கழிவுநீர்க் குழி தோண்டினால், அந்தக் கழிவு இறங்குவதும் இதே நன்னீரில்தான். கோயிலுக்கு எதிரேயுள்ள அக்னி தீர்த்தக் கடலில் கழிவுநீர் கலக்கிறது என்ற புகாரும் பல ஆண்டுகளாக எழுந்து வருகிறது.

ஹோட்டலில் ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர் தண்ணீர் தேவை என்று இந்தியத் தர நிர்ணயம் கணக்கிட்டுள்ளது. கிராமப்புறக் குடிநீர்த் திட்டத்தில் ஒரு ஆளுக்கு நிர்ணயித்திருப்பது 55 லிட்டர். அதாவது, அறை எடுத்துத் தங்குபவர் ஒருவருக்கு, குடத்தோடு காத்திருக்கும் மீனவப் பெண்ணுக்குரியதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வேண்டியிருக்கிறது. தங்குபவர் இரண்டு நாள் முகம் சுளித்துவிட்டு ஊர் திரும்பி விடுவார். அந்தப் பெண் எங்கே போவாள்?

மைசூர்வாசிகள் அறிய வேண்டிய செய்தி ஒன்றும் இதில் உண்டு. ராமநாதபுரம் மாவட்டத்தின் தாகம் தீர்க்கத் திருச்சிப் பகுதியில் காவிரியிலிருந்து நீர் எடுத்து, கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய்களில் அனுப்புகிறார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சுற்றி ஓடும் அதே காவிரிதான் சேது நாட்டு மக்களின் குடத்தையும் நிரப்புகிறது.

ஒரு தீவைப் பூட்டிய கதை

இந்தச் சங்கடம் ராமேசுவரத்துக்கு மட்டும் உரியதல்ல. பிலிப்பைன்ஸ் நாட்டில் போராகாய் என்றொரு சிறு தீவு. சுமார் 10 சதுர கிலோமீட்டர்தான் பரப்பு. வெண்மணல் கடற்கரைக்குப் பெயர் பெற்ற அந்தத் தீவில் ஹோட்டல்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, கழிவுநீர் கடலில் கலந்தது. 2018 ஏப்ரல் 26-ஆம் தேதி அந்நாட்டு அரசு தீவையே பயணிகளுக்கு மூடிவிட்டது. ஆறு மாதம் கழித்துத் திறந்தபோது, ஒரே நேரத்தில் 19,215 பயணிகளுக்கு மேல் தீவில் இருக்கக் கூடாது என்று வரம்பு விதித்தது. கழிவுநீர் விதிகளுக்கு உட்பட்ட ஹோட்டல்களே அனுமதி பெற்றன.

ராமேசுவரம் கோயில் ஊர். அதைப் பூட்டி வைக்க முடியாது, பூட்டவும் கூடாது. ஆனால் ஒரு தீவு எத்தனை அறைகளைத் தாங்கும் என்று கணக்கிட்டுத்தான் இனி அனுமதி தரவேண்டும் என்பதை அந்தப் பாடம் சொல்லாமல் சொல்கிறது.

போகிறவர்கள் கவனத்துக்கு

அரசும் நகராட்சியும் செய்ய வேண்டியவை ஒருபுறம் இருக்கட்டும். புறப்படுகிறவர்களும் சிலவற்றைக் கவனிக்கலாம். அமாவாசைக் கூட்டத்தைத் தவிர்த்துச் சாதாரண நாட்களில் போவது நல்லது. படத்தை மட்டும் நம்பிப் பணம் கட்டாமல், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது என்று முன்கூட்டியே கேட்கலாம். அறையையும் குழாயையும் பார்த்த பிறகு முன்பணம் கொடுப்பதும், ரசீது வாங்குவதும், எத்தனை மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும் என்று தெளிவாகக் கேட்டுக்கொள்வதும் வீண் தகராறைத் தவிர்க்கும். கோயில் தேவஸ்தான விடுதியையும், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழக ஹோட்டலையும் முதலில் விசாரிக்கலாம். மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ தங்கி, காலையில் தீவுக்குப் போய் மாலையில் திரும்புவதும் ஒரு நல்ல வழி.

தீவில் தங்குபவர்கள் ஷவரைத் திறந்து விடாமல் ஒரு வாளியோடு குளியலை முடித்துக்கொள்ளலாம். 22 தீர்த்தங்களில் நீராடிய பிறகு அறையில் இன்னொரு முறை நெடுநேரம் குளிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஈரத்துணியையும் பிளாஸ்டிக் பையையும் கடற்கரையில் விட்டு வரவேண்டாம்.

"தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று அறை கேட்டு வருகிற ஒவ்வொருவரும் கேட்கத் தொடங்கினால், லாட்ஜ்காரரும் ஒரு நாள் அதற்குப் பதில் தேட வேண்டியிருக்கும்.