பனிக்குள் ஒரு நாற்றங்கால்

நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் ஜனவரி மாதம் மண் கல்லாக இறுகிக் கிடக்கும், மண்வெட்டி இறங்காது. அந்தக் குளிரில்தான் பலர் வீட்டுக்கு வெளியே கீரைக்கும் கோஸுக்கும் விதை போடுகிறார்கள். 'விண்டர் சோயிங்' என்ற பெயரில் இதைப் பரப்பியவர் லாங் ஐலண்டைச் சேர்ந்த ட்ரூடி டேவிடாஃப்.

குப்பைக்குப் போகிற பால் கேன் ஒன்று போதும். சுமார் 3.8 லிட்டர் பிடிக்கும், வெளிச்சம் புகும் பிளாஸ்டிக் கேன். கைப்பிடிக்குக் கீழே சுற்றிலும் வெட்டி, சிறிதளவு வெட்டாமல் விட்டால் பெட்டி போலத் திறந்து மூடலாம். அடியில் துளைகள் போட்டு, 3, 4 அங்குலத்துக்கு ஈரமான தொட்டிக் கலவை நிரப்பி, விதை தூவி, வெட்டிய இடத்தை டேப்பால் ஒட்டி வெளியே வைத்துவிடுகிறார்கள். திருகுமூடி கூடாது. அந்த வாய் வழியாகத்தான் பனியும் மழையும் உள்ளே இறங்கும், மிஞ்சிய வெப்பம் வெளியேறும்.

சில காட்டுச் செடிகளின் விதைகளுக்குக் குளிர் பட்டால்தான் உறக்கம் கலையும். காய்கறி விதைகள் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவை சும்மா காத்திருக்கின்றன. மண்ணின் வெப்பம் 4, 5 டிகிரி செல்சியஸைத் தொட்டால் ஸ்பினாச் கீரையும் லெட்டூஸும் மெல்ல முளைவிடத் தொடங்கும். நாம் நாட்காட்டி பார்த்துக் குறிக்கிற தேதியைவிட விதை தானே குறிக்கிற தேதியை நான் அதிகம் நம்புவேன். ஜன்னலோர நாற்று வெளிச்சம் போதாமல் நெட்டையாக வளர்ந்து துவளும். அதை வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்கவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். கேனில் முளைத்தது பிறந்ததிலிருந்தே வெளியில் இருப்பதால் குட்டையாக, தண்டு தடித்து நிற்கும்.

கேல், புரோக்கோலி, வெங்காயம் இதற்கு ஏற்றவை. தக்காளி விதையை மார்ச் கடைசியில் போடுவது நல்லது. ஊர் நினைவில் வெண்டையும் பாகலும் பயிரிட விரும்பும் நம்மவர்கள் இம்முறையை நாட வேண்டாம். குளிர்ந்த ஈரத்தில் அவை அழுகிவிடும்.

நாற்றுக்கு உண்மையான ஆபத்து பனியால் அல்ல, ஏப்ரல் வெயிலால்தான். மூடிய கேன் ஒரே பகலில் கொதித்துக் காய்ந்துவிடும். முளை கண்ட பிறகு பகலில் திறந்து வைத்து, தண்ணீர் தெளித்து, உறைபனி விழும் இரவுகளில் மூட வேண்டும். கோஸ் வகைகளைக் கடைசி உறைபனிக்குச் சில வாரம் முன்பே தோட்டத்தில் நடலாம். தக்காளியை நட அந்தப் பனி முழுதும் விலக வேண்டும்.