காபரேற்றரின் குரலை அறிவோம்

“யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே” என்பார்கள் நம் பெரியோர். இயந்திரங்களுக்கும் இப்பழமொழி பொருந்தும். பழுது முற்றி வண்டி நடுவீதியிலே நின்றுவிடுவதற்கு முன்பே, அது ஏதோ ஓர் ஓசையால் நமக்கு அறிவித்துவிடுகின்றது. வைத்தியர் நோயாளியின் நெஞ்சிலே குழாயை வைத்துக் கேட்பதுபோல நாமும் செவி கொடுத்தால், எந்த ஓசை எந்த நோயின் அறிகுறி என்று அறியலாம். பழைய மோட்டார் கார்களின் காபரேற்றர் எழுப்பும் ஓசைகளை இக்கட்டுரையிலே ஆராய்வோம்.

உதாரணத்துக்கு மொறிஸ் மைனர் காரை எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த இக்கார் 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் உற்பத்தியானது. பிரித்தானியக் கார்களுள் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை முதலில் எட்டியது இதுவே. இலங்கைக்கும் ஏராளமாக வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்து வீதிகளிலே இன்றும் இதனைக் காண்கின்றோம். இதில் உள்ளது எஸ்.யூ. காபரேற்றர். இங்கிலாந்திலே சப்பாத்து வணிகம் செய்த ஸ்கின்னர் குடும்பத்துச் சகோதரர்கள் உருவாக்கியதனால் ‘ஸ்கின்னர்ஸ் யூனியன்’ என்ற பெயர் சுருங்கி எஸ்.யூ. ஆயிற்று. சப்பாத்துக் குடும்பம் அல்லவா? அவர்களின் முதற் காபரேற்றரிலே தோலினாலான துருத்தி ஒன்று இருந்தது! பின்னர் அதன் இடத்தை உலோகப் பிஸ்ரன் பிடித்துக்கொண்டது.

பெற்றோலையும் காற்றையும் அளவாகக் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுவதே காபரேற்றரின் வேலை. நிறைப்படி ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறக்குறைய 15 பங்கு காற்று வேண்டும். எஸ்.யூ.வின் உச்சியிலே கவிழ்த்த கிண்ணம் போன்ற அறை ஒன்று உண்டு. அதனுள்ளே பிஸ்ரன் ஏறி இறங்கும். பிஸ்ரனின் அடியிலே கூம்பிச் செல்லும் ஊசி ஒன்று, பெற்றோல் வரும் துளைக்குள் இறங்கி நிற்கும். அக்சிலேற்றரை மிதித்தால் எஞ்சின் அதிக காற்றை இழுக்கும், பிஸ்ரன் உயரும், கூடவே ஊசியும் உயர, துளையின் வழி அகன்று பெற்றோலும் கூடும். பிஸ்ரன் சட்டென்று எகிறாதபடி அதன் நடுத்தண்டினுள் சிறிது எண்ணெய் இருக்கும். இவ்வளவும் மனத்தில் இருந்தால் ஓசைகளைப் புரிந்துகொள்வது எளிது.

முதலாவது ‘டிக், டிக்’ ஓசை. இது காபரேற்றருக்குப் பெற்றோல் அனுப்பும் மின்சாரப் பம்பிலிருந்து வருவது. சாவியைத் திருப்பியதும் விரைவாக அடித்து, காபரேற்றரின் மிதவை அறை நிரம்பியவுடன் நின்றுவிட வேண்டும். எஞ்சின் ஓடாதபோதும் அது ஓயாமல் அடித்தால் மூன்று காரணங்களை ஆராயலாம். தாங்கியிலே பெற்றோல் முடிந்திருக்கலாம். தாங்கியிலிருந்து வரும் குழாய் காற்றை உறிஞ்சலாம். அல்லது மிதவை அறையின் ஊசி வால்வு மூடாமல் பெற்றோல் வழிந்துகொண்டிருக்கலாம். மூன்றாவதே ஆபத்தானது. பெற்றோல் மணம் வந்தால் உடனே சாவியை அணைத்துவிட வேண்டும். சூடான எஞ்சினிலே பெற்றோல் வழிந்தால் தீப்பற்ற ஒரு பொறி போதும்.

இரண்டாவது ‘ஸ்ஸ்’ என்ற சீறல். காற்று உள்ளே பாயும்போது மெல்லிய இரைச்சல் எழுவது இயல்பு. காற்று வடிகட்டி அதனை அடக்கிவிடும். ஆனால் காபரேற்றரை எஞ்சினுடன் இணைக்கும் மூட்டிலிருந்து கூர்மையான சீறல் வந்தால், அங்கே காற்று திருட்டு வழியாக நுழைகின்றது என்று பொருள். எஞ்சின் சீரின்றித் துடிக்கும். ஒரு முழ நீள இறப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலே வைத்து, மறுமுனையை மூட்டைச் சுற்றி மெல்ல நகர்த்தினால் இடம் தெரிந்துவிடும். சுழலும் விசிறிக்கு அருகிலே கையோ கூந்தலோ போகக் கூடாது. தளர்ந்த நட்டுகளை முறுக்குவதும், கிழிந்த காஸ்கற்றை மாற்றுவதுமே இதற்கு மருந்து.

மூன்றாவது ‘பட், பட்’ என்று காபரேற்றர் தும்முவது. காற்று கூடிப் பெற்றோல் குறைந்த கலவை மெதுவாகவே எரியும். அது எரிந்து முடியுமுன் உள்வால்வு மறுபடி திறந்துவிட்டால், தீ வந்த வழியே திரும்பிப் பாயும். குளிர்ந்த எஞ்சினிலே சோக் இழுக்காமல் புறப்பட்டால் இவ்வாறு தும்முவது உண்டு. சூடான பின்பும் தும்மினால், துளையிலே தூசி, பெற்றோலிலே தண்ணீர், மேலே சொன்ன காற்றுக் கசிவு ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். சில வேளைகளில் காபரேற்றர் குற்றமற்றது; தீப்பொறி விழும் நேரம் பிழைத்திருக்கும், அல்லது வால்வு இறுகியிருக்கும். அக்சிலேற்றரைச் சட்டென்று மிதிக்கும்போது மாத்திரம் எஞ்சின் தயங்கித் தும்மினால், பிஸ்ரன் தண்டிலே எண்ணெய் வற்றியிருக்கலாம். உச்சியிலுள்ள மூடியைத் திருகித் திறந்து, மென்மையான எஞ்சின் எண்ணெய் சிறிது விட்டால் அது தீரும்.

நான்காவது, கேட்க வேண்டிய ஓர் ஓசை கேளாமற் போவது. எஞ்சினை நிறுத்தி, எண்ணெய்த் தண்டைக் கழற்றிவிட்டு, பிஸ்ரனை உயர்த்தி விட்டால் அது ‘டக்’ என்று தெளிவாக விழ வேண்டும். அவ்வாறு விழாவிட்டால் ஊசி துளையின் சுவரிலே உராய்கின்றது, அல்லது பிஸ்ரனிலே அழுக்குப் படிந்துள்ளது.

கலவையின் அளவை அறியவும் வழியுண்டு. சூடான எஞ்சின் மெதுவாக ஓடும்போது, காபரேற்றரின் பக்கத்திலுள்ள சிறு ஊசியால் பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்த வேண்டும். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். எஞ்சின் நின்றுவிட்டால் பெற்றோல் குறைவு. சற்றே கூடிப் பின் பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி.

எங்கள் தோழி ஒருத்தியின் அப்பப்பா தம் மொறிஸ் மைனரைக் காட்டி எங்களுக்கு இவற்றை விளக்கினார். அவரது காரிலே பம்பு ஓயாமல் அடித்தபோது, கராஜ் ஒன்றிலே புதுப் பம்பு வாங்கும்படி சொன்னார்களாம். அவர் மிதவை அறையைத் திறந்து பார்த்தார். ஊசி வால்விலே கடுகளவு மண் சிக்கியிருந்தது! “பிள்ளையள், முதலிலை காதைக் குடுங்கோ. ஸ்பானரைப் பிறகு எடுக்கலாம்” என்று அவர் சொன்னதை நாங்கள் மறக்கவில்லை.

1990களிலே பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கிடைக்காதபோது, யாழ்ப்பாணத்திலே இத்தகைய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த நிலையில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. ஆதலால் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பாரம் இழுக்கும்போது எஞ்சினுக்குள்ளிருந்து உலோகத் தட்டல் கேட்கும். பொறியின் தீ பரவி வருமுன்னே மண்ணெண்ணெய் தானாகப் பற்றிக்கொள்வதால் எழும் ஒலி அது. அத்தட்டலைக் கேட்டு வேகத்தைக் குறைக்கத் தெரிந்தவர் எஞ்சினைக் காத்தார். நோயாளரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்ற அந்நாட்களிலே எஞ்சினைக் காப்பது உயிரைக் காப்பதாகவும் இருந்தது.

ஆகவே, தோழியரே, ஓசை எங்கிருந்து வருகின்றது, எப்போது வருகின்றது, எஞ்சினின் வேகத்துடன் மாறுகின்றதா என்ற மூன்று கேள்விகளையும் முதலிலே கேட்போம். விடைகளைக் குறித்துக்கொள்வோம். ஒரு நேரத்திலே ஒன்றை மாத்திரம் சரிசெய்து மீண்டும் கேட்போம். பலவற்றை ஒன்றாகத் திருகினால் எது குணமாக்கியது என்று தெரியாது. தீயை அருகிலே கொண்டுசெல்லாமலும், ஓடும் எஞ்சினின் காபரேற்றர் வாயிலே முகத்தை வைக்காமலும், பெரியவர் ஒருவர் துணையுடன் இதனைப் பழகுவோம். பெண்பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று கேட்பவரும் உளர். வண்டி வழியிலே நிற்கும்போது அது ஆண் பெண் பார்ப்பதில்லையே!