புதுப் பெட்டி வைத்ததும் பழைய பெட்டி ஏன் திறக்கவில்லை?

2001 நவம்பர் 15 அன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் எக்ஸ்பாக்ஸைக் கழற்றினால், போர்டில் நான்கு மெமரி சிப்புகள் இருக்கும். இன்னும் நான்குக்கு இடம் காலியாகவே கிடக்கும், கால்களை ஒட்டுவதற்கான செம்புத் தடங்களோடு. விளையாட்டு எழுதுகிறவர்களுக்குக் கொடுத்த கருவிகளில் 128 மெகாபைட் இருந்தது. கடைக்கு வந்த பெட்டிக்கு 64 போதும் என்று விட்டுவிட்டார்கள்.

அந்தக் காலி இடத்தைப் பார்த்த பிறகு, பழுதான இன்னொரு எக்ஸ்பாக்ஸிலிருந்து நான்கு சிப்பை எடுத்து ஒட்டிப் பார்த்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. ஒட்டியபின் பலருக்கு நேர்வதும் ஒன்றுதான். பெட்டி கிளம்புகிறது, அணைகிறது, மறுபடி கிளம்புகிறது. மூன்றாம் முயற்சியோடு முன்பக்க வளையத்தில் சிவப்பும் பச்சையும் மாறி மாறி மின்னத் தொடங்கும். நேற்றுவரை ஓடிய 64-ம் சேர்ந்து படுத்துவிட்டது. கூட்டத்தானே செய்தோம், இருந்ததும் எப்படிப் போனது?

இதற்கு விடை சமையலறையில் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் என்பது சரக்கறை. எல்லாம் அங்கே மூட்டையாக இருக்கும், எடுத்துவர நேரமாகும். மெமரி என்பது அடுப்படி மேடை, இப்போது வேண்டியது மட்டும் கைக்கெட்டும் தூரத்தில். எக்ஸ்பாக்ஸில் இந்த மேடையில் இரண்டு பேர் சமைக்கிறார்கள். ஒருவர் கணக்குப் பார்க்கும் 733 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், மற்றவர் படம் வரையும் என்விடியா சிப். இருவருக்கும் தனித்தனி மேடை கிடையாது. இருக்கும் ஒரே மேடையில் நான்கு சிப்பும் வரிசையாக வைத்த நான்கு அஞ்சறைப்பெட்டிகள், ஒவ்வொன்றும் 16 மெகாபைட்.

ஒவ்வொரு பெட்டிக்கும் போய்வர 32 கம்பிகள் கொண்ட ஒரு குறுகலான வழி உண்டு. நான்கும் சேர்ந்தால் 128 கம்பிகள். புதிதாக வைக்கும் பெட்டிக்கு வேறு வழி போடவில்லை. பழைய பெட்டி ஒன்றின் வழியிலேயே அதையும் வைக்கிறோம். இது உன் முறை, இது அவன் முறை என்று சொல்ல மட்டும் தனிக் குரல். அழைக்கும்போது திறந்து, மற்ற நேரம் வாய் மூடியிருந்தால் இரண்டும் ஒரே வழியில் ஒத்துப்போகும். புதுப்பெட்டி தன் முறை இல்லாதபோதும் மூடியைத் திறந்து வைத்திருந்தாலோ, வழியை அடைத்துக்கொண்டு நின்றாலோ, பழைய பெட்டியிலிருந்து ஒரு சிட்டிகை மஞ்சள்கூட வெளியே வராது.

பழுதின் குணத்தை வைத்தே இடத்தை ஊகிக்கலாம் என்பதுதான் இதனால் கிடைக்கும் பயன். ஒவ்வொரு சிப்பிலும் 100 கால்கள். அடுத்தடுத்த இரண்டு கால்களுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பக்கத்துப் பக்கத்துக் கால்களை ஈயம் பாலம் போட்டு இணைத்துவிட்டால் கடுகும் சீரகமும் கலந்த மாதிரி. பொது வழியில் கலந்ததால் பழைய பெட்டியும் கெடும், சிவப்பு-பச்சை வரும். ஒரு கால் ஒட்டாமல் தூக்கி நின்றால் பெரும்பாலும் புதுப்பெட்டியில் மட்டுமே கோளாறு. 64-ஐ வைத்து எக்ஸ்பாக்ஸ் ஓடிவிடும். ஆனால் ஒட்டாதது முறை சொல்லும் கால் என்றால், எப்போது வாய் மூட வேண்டும் என்றே அந்தச் சிப்புக்குத் தெரியாது; அப்போதும் எல்லாம் முடங்கலாம். எல்லாம் சரியாக ஒட்டியும் 64-தான் காட்டுகிறதா? எக்ஸ்பாக்ஸோடு வந்த பயாஸ், அதாவது அதைக் கிளப்பும் நிரல், பழைய நான்கு பெட்டிகளோடு நின்றுவிடும். மீதியைக் கேட்கவே கேட்காது. 128-ஐ எண்ணத் தெரிந்த, மாற்றி எழுதிய பயாஸ் வேண்டும்.

சிப்பே செத்துவிட்டது என்று முதலில் முடிவுகட்டி, வேறு சிப் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஓடாதீர்கள். ஹாட் ஏர் கருவியை மறுபடி பிடிக்கவும் வேண்டாம். ஒவ்வொரு சூட்டுக்கும் செம்புத் தடம் போர்டிலிருந்து பெயரத் துடிக்கிறது. மின்கம்பியைப் பிடுங்கி நன்றாக ஆறவிடுங்கள். வீட்டு மின்சாரம் நேரே வந்திறங்கும் பவர் சப்ளை எக்ஸ்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. பிறகு பூதக்கண்ணாடி. முதலில் சிப்பின் மூலையில் உள்ள புள்ளி சரியான திசையில் இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் கால்வரிசை. மல்ட்டிமீட்டரில் பக்கத்துக் கால்களைத் தொட்டு, பீப் வரும் இடங்களைப் பழைய சிப்பின் அதே கால்களோடு ஒப்பிடுங்கள். சில கால்கள் இயல்பாகவே இணைந்திருக்கும். பழையதில் வராத பீப் புதியதில் வந்தால் ஈயப் பாலம் அங்கேதான்.

மரக்காணத்தில் இந்த வேலையைச் செய்கிறவர்கள் அதற்கும் முன்னால் ஒன்று செய்தாக வேண்டும். இங்கே ஜன்னலைத் திறந்தால் உப்பளத்துக் காற்று. சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தண்ணீரை இழுத்துக் கரையும். ஐப்பசி மழையில் கல்லுப்பு ஜாடி நீர்விடுவது அதனால்தான். உப்பு வாரியபின் பாத்தியில் தங்கும் கசப்புநீரில் இருக்கும் மக்னீசியம் குளோரைடோ 33 சதவீத ஈரத்திலேயே நனைந்துவிடும். கடற்காற்று கொண்டுவருவதில் இரண்டும் உண்டு. ஆகவே இந்தக் கரையில் திறந்து கிடந்த போர்டின்மேல், கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் நாள்முழுக்க இருக்கும். மின்சாரம் அதன்வழியே கசியும், செம்பு பச்சை பூக்கும், பூத்த செம்பில் ஈயம் ஒட்டாமல் உருண்டு ஓடும்.

போர்டைத் துடைக்க எல்லோரும் சொல்வது 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். ஃபிளக்ஸ் பிசினுக்கு அது அருமை. சாதாரண உப்பு அதில் அனேகமாகக் கரையாது என்பதை யாரும் சொல்வதில்லை. ஆல்கஹாலில் தேய்த்தால் உப்பு இடம் மாறி, சிப்பின் அடியில் போய் ஒளியும். முதலில் காய்ச்சி வடித்த நீரில் மென்மையான பிரஷால் கழுவுங்கள். அதற்குப் பிறகு ஆல்கஹால், அது தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஆவியாகும். நன்றாகக் காய்ந்தபின்தான் சால்டரிங் அயர்ன். கழுவும்போதே கடிகாரத்துக்கான கெபாசிட்டரையும் பாருங்கள். 1.6 என்ற பதிப்புக்கு முந்தைய போர்டுகளில் அது கசிந்து தடங்களை அரிப்பது எல்லா ஊரிலும் நடக்கிற பழுது. அந்தக் குற்றத்தையும் மெமரிமேல் போட்டுவிடக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் சிவப்பு-பச்சை நிற்கவில்லை என்றால் நான்கு புதுச் சிப்பையும் எடுத்துவிடுங்கள். பழைய 64-ல் எக்ஸ்பாக்ஸ் ஓடுகிறதா? ஓடினால் பழுது புதியவற்றிலோ அவற்றின் ஒட்டிலோ இருக்கிறது. ஓடுகிறது என்று தெரிந்தபின் ஒரே ஒரு சிப்பை ஒட்டி, ஓட்டிப் பார்த்து, அடுத்ததற்குப் போங்கள். எந்தப் பெட்டி வழியை அடைக்கிறது என்று அப்போது ஊகிக்கத் தேவையிருக்காது. நான்கும் ஏறியபின் மெமரிச் சோதனையை நெடுநேரம், எக்ஸ்பாக்ஸ் சூடேறும்வரை ஓடவிட வேண்டும். குளிர்ந்திருக்கும்போது தொட்டுக்கொண்டிருந்த கால் சூட்டில் விலகும்.

64-க்கென்று எழுதப்பட்ட விளையாட்டுகள் 128 கிடைத்ததும் வேகமாக ஓடாது. ஆர்வலர்கள் எழுதும் எமுலேட்டர்களுக்கும், லினக்ஸுக்கும், மாற்றியமைத்த சில விளையாட்டுகளுக்கும்தான் அந்தக் கூடுதல் மேடை. 1.6 போர்டில் காலி இடமே இல்லை. காலி இடம் உள்ள போர்டிலும் தடம் ஒன்று கிழிந்துபோயிருந்தால், அது வேறு எதையும் தொடாமல் ஒதுக்கி, புதுச் சிப்புகளை எடுத்துவிட்டு, 64-ஓடு மூடிவிடுவதே நல்லது. எக்ஸ்பாக்ஸுக்கென்று வந்த விளையாட்டுகளுக்கு அது போதும்.