வண்ணப்பிரிகை

இலையின் பசுமை ஒரே நிறம் போலத் தோன்றினும், அதனுள் பல நிறமிகள் கலந்துள்ளன. அவற்றைத் தனித்தனியே பிரித்துக் காட்டியவர் உருசியத் தாவரவியலாளர் மிகயீல் சுவெட். வார்சா நகரில் பணியாற்றிய அவர், குறுகிய கண்ணாடிக் குழாயொன்றில் கால்சியம் கார்பனேட் தூளை இறுக நிரப்பி, அதன்மேல் இலைநிறமிகளின் கரைசலை ஊற்றினார். பின்னர்த் தூய கரைப்பானைச் சிறிது சிறிதாகச் சேர்க்க, அக்கரைசல் மஞ்சளும் பச்சையுமான வளையங்களாகப் பிரிந்து கீழிறங்கியது. 1906ஆம் ஆண்டில் இம்முறையை விளக்கி எழுதியபோது, நிறம், எழுதுதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களை இணைத்துக் 'குரோமடோகிராபி' என்று பெயரிட்டார். உருசிய மொழியில் 'சுவெட்' என்னும் சொல்லுக்கும் நிறம் என்பதே பொருள்! தமிழில் இம்முறை வண்ணப்பிரிகை எனப்படுகிறது.

அக்கால வேதியியலார் பலர் இதனைப் பொருட்படுத்தவில்லை. 1919இல் சுவெட் மறைந்தார். 1931இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் கரோட்டீன்களைப் பிரிக்க இம்முறை கையாளப்பட்ட பின்னரே அதன் அருமை புலப்பட்டது.

நிறமிகள் பிரிவது எவ்வாறு? அசையாத தூள் அவற்றைப் பற்றி நிறுத்த முயல்கிறது. ஓடும் கரைப்பானோ இழுத்துச் செல்கிறது. முன்னதை நிலையான நிலைமை என்றும், பின்னதை நகரும் நிலைமை என்றும் கூறுவர். திருவிழாக் கடைத்தெருவில் ஒன்றாகப் புறப்பட்டவர்களுள் கடைதோறும் நின்று பார்ப்பவர் பின்தங்குவார்; எதையும் நோக்காதவர் முந்திச் செல்வார். தூளில் மிகுதியாக ஒட்டும் நிறமியும் அவ்வாறே பின்தங்குகிறது.

இதனை வகுப்பறையிலும் காணலாம். வடிதாள் பட்டையின் அடிப்பகுதியில் பென்சிலால் கோடிட்டு, அதன்மேல் நீரில் கரையும் கறுப்பு மையினால் ஒரு புள்ளி இடவேண்டும். புள்ளி நனையாதவாறு பட்டையின் நுனியை மட்டும் நீரில் நிறுத்தினால், நீர் மேலேறும்போது மையிலுள்ள சாயங்கள் பிரியும். கோட்டைப் பேனாவால் இடலாகாது. இட்டால் அதன் மையும் உடன் ஏறிக் குழப்பும். கோட்டிலிருந்து நீர் 8 செ.மீ. உயர, ஒரு சாயம் 6 செ.மீ. உயர்ந்தால், அதன் விகிதம் 0.75. அதே தாளிலும் அதே கரைப்பானிலும் இவ்விகிதம் மாறாதிருப்பதால், அது பொருளை அடையாளங்காணத் துணைபுரிகிறது.

பெயரில் வண்ணம் இருப்பினும், பிரிக்கப்படும் பொருளுக்கு நிறம் வேண்டுவதில்லை; நிற வேறுபாடும் வேண்டுவதில்லை. அரிவாள் செல் சோகை நோயில், ஹீமோகுளோபின் புரதத்தின் பீட்டா சங்கிலியிலுள்ள 146 அமினோ அமிலங்களுள் ஒன்று மாறியிருக்கும். எளிய கரைதிறன் சோதனையில் நோயாளியின் இரத்தமும், நோயின்றி அம்மரபணுவை மட்டும் தாங்கியவரின் இரத்தமும் ஒன்றுபோலவே கலங்கும். ஆனால் அம்மாற்றத்தால் புரதத்தின் மின்சுமையும் மாறுவதால், மின்சுமைக்கேற்பப் பற்றும் துகள்கள் நிறைந்த குழாயில் உயரழுத்தத்தில் செலுத்தினால், இயல்பான ஹீமோகுளோபின் முதலிலும் அரிவாள் வகை பின்னரும் வெளிவரும். இரண்டும் காணப்படின் அவர் பெரும்பாலும் மரபணு தாங்கியவர். இயல்பானது இல்லாமல் அரிவாள் வகையே மிகுந்திருப்பின் நோயாளி. தாங்கியவர் இருவர் மணந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆதலால் இவ்வேறுபாட்டை அறிவது இன்றியமையாதது. 2023இல் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கப்பட்ட தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கத்திலும் இம்முறை நோயை உறுதிசெய்யப் பயன்படுகிறது.

எனினும், ஒரே நேரத்தில் வெளிவருவன எல்லாம் ஒரே பொருள் என்று கொள்ளலாகாது. வடகிழக்கு இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் ஹீமோகுளோபின் 'ஈ', இக்கருவிகள் பலவற்றில் 'ஏ2' என்னும் இயல்பான வகையுடன் சேர்ந்தே வெளிவருகிறது. அங்கு 'ஏ2' அளவு வழக்கத்தினும் மிக உயர்ந்திருக்கக் கண்டால், ஆய்வாளர் மின்புலத்தில் புரதங்களைப் பிரிக்கும் வேறொரு சோதனையையும் நாடுவர்.