ஆத்துத் தண்ணி கடலுக்குப் போனா வீணா?

"ஆத்துத் தண்ணி வீணா கடலுக்குப் போகுதே" என்று குழுக் கூட்டத்தில் அடிக்கடி பேசுகிறோம். உண்மையிலேயே வீணா?

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி, புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசானது. அதனால் கலங்கலாகக் கடல்மேல் மிதந்து பரவும். அதிலுள்ள சத்தில் கண்ணுக்குத் தெரியாத பாசி வளரும். அதை நம்பித்தான் மீன்குஞ்சு பிழைக்குது.

இப்போ மழை ஒரே சீராக இல்லை. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. ஆறு மெலிந்தால் கடலுக்குப் போகும் சத்தும் குறையும். 2023 டிசம்பரிலோ காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. பெருவெள்ளம் வந்தால் வண்டலோடு நம்ம குப்பையும் சேர்ந்து போகும். கலங்கல் கூடினால் வெயில் உள்ளே இறங்காது. கடற்புல்லும் பவளப்பாறையும் வாடும்.

மழையை நிறுத்த நம்மால் ஆகாது. ஆற்றில் குப்பை போடுவதை நிறுத்தலாமே! அடுத்த கூட்டத்தில் பேசித் தீர்மானம் போடுங்கள்.