பழைய மெட்டும் புதிய குரல்களும்

பழைமையைக் காப்பதென்றால் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது என்று சிலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிழையென்பதற்குப் பிரெஞ்சு தேசத்துக் கிருதி ஒன்று சாட்சி கூறுகிறது.

கத்தோலிக்கத் திருச்சபையின் புராதன சங்கீதத்துக்குக் கிரகோரியன் கானம் என்று பெயர். லத்தீன் பாஷையில் எல்லோரும் ஒரே குரலாகப் பாடுவது, தாளக்கட்டு இல்லாதது. விருத்தம் பாடுகையில் சொல்லின் போக்கே இசையை நடத்திச் செல்வதைக் கேட்டிருப்போர் இதன் நடையை எளிதில் ஊகிக்கலாம். மேனாட்டுக் கோஷ்டி கானமோ வேறு வகை. அதில் நால்வகைக் குரல்கள் வெவ்வேறு ஸ்வரங்களை ஏககாலத்தில் இசைக்கும். இரண்டையும் இணைத்தால் பழைய மெட்டு நசுங்கிப் போகுமோ என்று அஞ்சுவது இயல்பே.

அவ்வச்சத்தைப் போக்கியவர் மோரிஸ் துரூப்ளே. 1902-ல் பிறந்த இவர், 1912-ல் ரூவான் நகரத்துப் பேராலயப் பாடகர் பள்ளியில் சேர்ந்து, இக்கானத்திலேயே வளர்ந்தவர். பின்னர் பாரிஸில் புகழ்பெற்ற ஆர்கன் வித்வானாய் விளங்கினார். 1960-ல் கிரகோரியன் மெட்டுக்களை ஆதாரமாகக் கொண்டு நான்கு மோட்டெட்டுகளை இயற்றினார். மோட்டெட் என்பது கோஷ்டியாகப் பாடும் தெய்விகப் பாடல்.

அவற்றுள் முதலாவது 'ஊபி காரிதாஸ்'. பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கில் பாடும் பழம் பாடல் இது. அன்புள்ள இடமே ஆண்டவன் உறைவிடம் என்பது இதன் கருத்து. துரூப்ளே மெட்டை முதலில் உச்சக் குரலுக்குக் கொடுக்கவில்லை. பெண்களின் தாழ்ந்த குரலுக்கே கொடுத்தார். ஆண் குரல்கள் அடியில் மெல்லத் தாங்கி நிற்கின்றன. உச்சக் குரல் பின்னரே வந்து சேருகிறது. தாள எண்ணிக்கையும் சொல்லுக்கு இணங்க மாறிக்கொண்டே செல்கிறது. வாத்தியம் ஏதுமில்லை. சில நிமிஷங்களில் 'ஆமென்' என்று அடங்கிவிடுகிறது.

1963-ல் வாத்திக்கன் சங்கம் வழிபாட்டில் அந்தந்த நாட்டு மொழிகளுக்கு இடமளித்தது. கிரகோரியன் கானத்துக்கே முதன்மை என்றும் அதே சாசனம் கூறிற்று. எனினும் பல கோவில்களில் அது மறைந்தது. துரூப்ளே வருந்தினார். தாய்மொழியில் தொழும் உரிமையை நாம் குறை கூறோம். அது மக்களுக்கு உரியதே. ஆயினும் புதியது வருவதற்காகப் பழையதை வெளியேற்ற வேண்டுமென்ற நியதி ஏது? துரூப்ளேயே 1977-ல் கர்த்தர் கற்பித்த ஜெபத்துக்குப் பிரெஞ்சு மொழியில் இசை அமைத்தார்.

அவர் 1986-ல் மறைந்தார். லத்தீன் அறியாத பாடகர்களும் இன்று பல நாடுகளில் அம்மோட்டெட்டைப் பாடுகின்றனர். முன்னோர் தந்த செல்வம் பயின்றவர் கையில்தான் வாழும். நம் வீட்டுக் குழந்தைகளுக்கு நம் பழம் பாடல்களில் எத்தனை கற்பித்திருக்கிறோம் என்று நாமும் எண்ணிப் பார்ப்போமாக.